எரிசக்தி நிறுவனப் பங்கை வாங்கும் முன் அதன் நடைமுறை மூலதனத்தைப் படிப்பது எப்படி

ஓர் அனல்மின் நிலையம் நிலக்கரிக்குப் பெரும்பாலும் முன்பணம் கட்டியே வாங்குகிறது. அந்த நிலக்கரி எரிந்து மின்சாரமாகிக் கம்பியில் ஏறிய நொடியிலேயே செலவழிந்தும் விடுகிறது. ஆனால் அதற்கான பணம் வாரங்கள் கழித்தும், சில மாநிலங்களில் மாதங்கள் கழித்தும், சச்சரவு எழுந்தால் ஆண்டுகள் கழித்தும்தான் கைக்கு வருகிறது. துணியையோ இரும்பையோ கடனுக்கு விற்றவர், பணம் வராவிட்டால் சரக்கையாவது திரும்பக் கேட்கலாம். மின்சாரம் விற்றவருக்கு அந்த வழியும் இல்லை. எனவே, எரிசக்தித் துறையில் ஒரு பங்கை மதிப்பிடும்போது லாபத்தைப் பார்ப்பதற்கு முன்பே, நிறுவனத்தின் பணம் இப்போது யாரிடம், எத்தனை நாளாக நிற்கிறது, அதற்கான வட்டியை யார் சுமக்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இக்கேள்விக்கு விடை தருவது நடைமுறை மூலதனம். இந்தியப் பங்குச் சந்தையில் உள்ள மின், எண்ணெய், எரிவாயு நிறுவனங்களை முன்வைத்து, புதிதாகத் தொடங்குபவர் அதை எப்படிக் கணக்கிட்டுப் படிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓராண்டுக்குள் பணமாக மாறக்கூடிய நடப்புச் சொத்துகளிலிருந்து, ஓராண்டுக்குள் செலுத்த வேண்டிய நடப்புப் பொறுப்புகளைக் கழித்தால் வருவதே நடைமுறை மூலதனம். முதல் வகையில் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, ரொக்கம் ஆகியவையும், இரண்டாம் வகையில் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, குறுகிய காலக் கடன் ஆகியவையும் அடங்கும். நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுத்தால் வருவது நடப்பு விகிதம்.

முதல் படி: நிறுவனத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நடப்பு விகிதம் 2 இருந்தால் நல்லது, 1-க்குக் கீழே போனால் ஆபத்து என்று பாடநூல்கள் சொல்வதை எரிசக்தித் துறையில் அப்படியே பொருத்தக் கூடாது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்றிலும் நடப்பு விகிதம் 1-க்குக் கீழே இருப்பது வழக்கமான நிலை. பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள் பெரும்பாலும் பணம் கட்டிய பிறகே லாரியில் எரிபொருள் ஏறுவதால், இந்நிறுவனங்களின் விற்பனை அளவோடு ஒப்பிட்டால் வரவேண்டிய பாக்கி மிகச் சிறியது. கச்சா எண்ணெய் வாங்கியதற்கும் தினசரிச் செலவுக்கும் இவை குறுகிய காலக் கடனைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. அரசுப் பின்புலம் இருப்பதால் வங்கிகளும் தயங்காமல் கொடுக்கின்றன. நகர எரிவாயு நிறுவனங்களில் வாகன எரிவாயுவுக்கு உடனடிப் பணமும், வீட்டு இணைப்புக்குத் திருப்பித் தரவேண்டிய வைப்புத்தொகையும் வருகின்றன. அந்த வைப்புத்தொகை பொறுப்புப் பக்கத்தில் அமர்வதால் விகிதம் தாழ்ந்து தெரியலாம். உண்மையில் அது வாடிக்கையாளரே தந்த மலிவான மூலதனம்.

மின் உற்பத்தி நிறுவனத்தின் கதை நேர் எதிரானது. அதன் பெரிய வாடிக்கையாளர்கள் மாநில விநியோக நிறுவனங்கள். அவர்கள் தாமதித்தால் நடப்புச் சொத்து வீங்கும், நடப்பு விகிதமும் ஏறும். தாளில் ஆரோக்கியம்போல் தோன்றும் அந்த ஏற்றம் உண்மையில் வசூலாகாத பணம். மின் சாதனங்களும் காற்றாலைகளும் செய்து தருபவை மூன்றாம் வகை. திட்டம் முடிந்து இயங்கும்வரை வாடிக்கையாளர் ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. ஆகவே ஒரே வகைக்குள், ஒரே நிறுவனத்தின் பல ஆண்டுகளுக்குள் மட்டுமே ஒப்பிடுங்கள்.

இரண்டாம் படி: எண்களைச் சரியான இடத்திலிருந்து எடுங்கள்

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டும் லாப நட்டக் கணக்கை வெளியிட்டாலும், இருப்புநிலைக் குறிப்பையும் பணப்பாய்வு அறிக்கையையும் ஆண்டுக்கு இருமுறை, செப்டம்பர் முடிவுக்கும் மார்ச் முடிவுக்கும் மட்டுமே கட்டாயமாகத் தருகின்றன. ஜூன், டிசம்பர் முடிவுகளை வைத்து நடைமுறை மூலதனத்தைப் பற்றி யாரேனும் உறுதியாகப் பேசினால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

எடுக்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, மின்சாரம் கொடுத்தாகிவிட்டது, ஆனால் பில் இன்னும் போடவில்லை என்ற நிலையில் உள்ள வருவாய். சில நிறுவனங்களில் இது வரவேண்டிய பாக்கிக்குள் இல்லாமல் ‘பிற நிதிச் சொத்துகள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும், அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டாவது, புதிய ஆலை கட்டுவதற்காக ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை. இது நடப்புப் பொறுப்பில் இருந்தாலும் அன்றாட வணிகத்தைச் சேர்ந்தது அல்ல. வேகமாக விரிவடையும் சூரிய மின் நிறுவனத்தில் இதைப் பிரிக்காமல் விட்டால் படம் முழுவதும் திரிந்துவிடும். மூன்றாவது, நீண்ட காலக் கடனில் இந்த ஆண்டு செலுத்த வேண்டிய தவணை, குறுகிய காலக் கடன் என்ற தலைப்பிலேயே சேர்ந்திருக்கும். குறிப்புகளில் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள், பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கோடிகளை நாள்களாக மாற்றுங்கள்

900 கோடி ரூபாய் பாக்கி என்பது பெரிதா சிறிதா என்பதை அந்த எண் சொல்லாது. 90 நாள் பாக்கி என்றால் யாருக்கும் புரியும். வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வசூல் நாள்கள் கிடைக்கும். சரக்கிருப்பையும் கொடுக்க வேண்டிய பாக்கியையும் எரிபொருள் செலவால் வகுத்து அதேபோலப் பெருக்கினால் இருப்பு நாள்களும் செலுத்தும் நாள்களும் கிடைக்கும். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால், நிறுவனம் தன் கைப்பணத்தை எத்தனை நாள் முடக்கி வைக்கிறது என்பது தெரியும்.

கணக்கு புரிவதற்காகக் கற்பனையாக ஒரு மின் உற்பத்தி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு விற்பனை 3,285 கோடி ரூபாய், வரவேண்டிய பாக்கி 540 கோடி. அதாவது 60 நாள். இந்த ஆண்டு விற்பனை 3,650 கோடி, பாக்கி 900 கோடி. அதாவது 90 நாள். எரிபொருள் இருப்பு இரண்டு ஆண்டும் 30 நாள், சப்ளையருக்குச் செலுத்தும் காலம் இரண்டு ஆண்டும் 40 நாள். எனவே பணம் முடங்கும் காலம் 50 நாளிலிருந்து 80 நாளாகிவிட்டது. விற்பனை 11% வளர்ந்தது என்று செய்திக் குறிப்பு சொல்லும்; பாக்கி 67% வளர்ந்ததைச் சொல்லாது.

இப்போது அந்த 360 கோடி ஏற்றத்தைப் பிரித்துப் பாருங்கள். பழைய 60 நாள் நீடித்திருந்தால் இந்த ஆண்டுப் பாக்கி 600 கோடியாக இருந்திருக்கும். ஆக 60 கோடி வணிகம் வளர்ந்ததால் வந்தது. மீதி 300 கோடி வாடிக்கையாளர் தாமதித்ததால் வந்தது. இவ்விரண்டையும் பிரிப்பதுதான் முழுக் கணக்கிலும் முக்கியமான வேலை என்று நான் நினைக்கிறேன். வளர்ச்சிக்காக முடங்கும் பணத்தைக் குறை சொல்ல முடியாது. தாமதத்தால் முடங்கிய 300 கோடியை 9% வட்டிக்குக் கடன் வாங்கி நிரப்பினால், ஆண்டுக்கு 27 கோடி ரூபாய் பங்குதாரரின் பையிலிருந்து போகிறது.

மத்திய அரசு நிறுவனங்களின் மின் நிலையங்களைப் போல, ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும் மின் நிலையங்களுக்கு இங்கே ஓர் அருமையான அளவுகோல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகள், 45 நாள் பாக்கி, சுரங்க வாயில் நிலையத்துக்கு 10 நாள் நிலக்கரி இருப்பு, தொலைவில் உள்ள நிலையத்துக்கு 20 நாள் இருப்பு போன்றவற்றை நடைமுறை மூலதனமாக ஏற்று, அதற்கான வட்டியைக் கட்டணத்திலேயே சேர்த்து வாங்கிக்கொள்ள அனுமதிக்கின்றன. 2014–19 காலத்தில் பாக்கிக்கான அளவு இரண்டு மாதமாக இருந்தது. 2019-லிருந்து 45 நாளாகக் குறைந்தது. எனவே 45 நாள்வரை வட்டியைக் கட்டணமே சுமக்கிறது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும், தாமதக் கூடுதல் கட்டணம் வசூலாகும்வரை, நிறுவனத்தின் சுமை.

நான்காம் படி: பாக்கி யாருடையது, எத்தனை வயது

இந்தப் படியில் நேரத்தைச் செலவிடத் தயங்காதீர்கள். 2021–22 நிதியாண்டு முதல், நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டுவது கட்டாயம். கெடு தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றாண்டுக்கு மேல் என்று ஐந்து கட்டங்களும், சச்சரவுக்கு உட்பட்டவை, உட்படாதவை என்ற பிரிவும் அதில் இருக்கும். 90 நாள் சராசரி கொண்ட இரண்டு நிறுவனங்களில், ஒன்றில் எல்லா வாடிக்கையாளரும் சற்றுத் தாமதமாகக் கட்டலாம். மற்றொன்றில் பெரும்பாலோர் நேரத்துக்குக் கட்ட, ஒரே ஒரு மாநிலம் மூன்றாண்டாகக் கட்டாமல் இருக்கலாம். சராசரி இரண்டையும் ஒன்றாகக் காட்டும், வயதுப் பட்டியல் பிரித்துக் காட்டிவிடும். சச்சரவுக் கட்டத்தில் தொகை ஏறிக்கொண்டே போனால் வழக்கு எந்த மன்றத்தில் நிற்கிறது என்று குறிப்புகளில் தேடுங்கள். ஆணையம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறி இறங்கும் பணத்தை நடப்புச் சொத்து என்று நம்பி விலை கொடுக்க முடியாது.

கட்டணப் பாக்கி இத்துறையின் பழைய நோய் என்பதால் அதன் வரலாற்றைச் சுருக்கமாகவாவது அறிந்திருப்பது பயன்படும். 2001-ல் மான்டேக் சிங் அலுவாலியா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, மாநில மின்வாரியங்கள் மத்திய நிறுவனங்களுக்கு வைத்திருந்த பாக்கி 8.5% வட்டி தரும் பத்திரங்களாக மாற்றப்பட்டது. அதோடு மத்திய அரசு, மாநில அரசு, ரிசர்வ் வங்கி ஆகியவற்றுக்கிடையே முத்தரப்பு ஒப்பந்தமும் ஏற்பட்டது; மாநிலம் தவறினால் அதன் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் வழி என்டிபிசி போன்ற மத்திய நிறுவனங்களுக்கு இருக்கிறது. தனியார் உற்பத்தியாளருக்கு இந்தக் காப்பு இல்லை. 2015-ல் விநியோக நிறுவனங்களின் கடன் சுமையைக் குறைக்க உதய் திட்டம் வந்தது, 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரம் வாங்கும் விநியோக நிறுவனம் பணத்துக்கு வங்கி உறுதிக் கடிதம் தருவது கட்டாயமானது, 2020-ல் கொரோனா காலத்தில் 90,000 கோடி ரூபாய்க் கடனுதவி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் காற்றாலை உரிமையாளர்கள் மின்வாரியப் பாக்கிக்காக நீண்ட காலம் காத்திருந்ததும் இதே நோயின் ஒரு முகம்தான்.

திருப்பம் 2022 ஜூன் மாதம் வந்த தாமதக் கூடுதல் கட்டண விதிகள். அப்போது நின்ற சுமார் 1.4 லட்சம் கோடி ரூபாய்ப் பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணைகளில் கட்ட அவை வழி செய்தன; புதிய பில்லைக் கட்டத் தவறும் விநியோக நிறுவனம் மின் சந்தையில் வாங்குவதற்கே தடை விதித்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்கள் அந்தத் தடையைச் சந்தித்தன. அதன்பின் பல உற்பத்தி நிறுவனங்களின் வசூல் நாள்கள் இறங்கின. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: தவணையாக மாறிய பாக்கியில் ஓராண்டுக்குப் பிறகு வரவேண்டிய பகுதி நடப்புச் சொத்திலிருந்து வெளியேறி நீண்ட காலச் சொத்தாகிவிடும். ஒரு ரூபாய்கூட வசூலாகாமலே நடைமுறை மூலதனம் குறைந்ததுபோல் தோன்றும். ஆகவே 2022, 2023 மார்ச் கணக்குகளை ஒப்பிடும்போது இரண்டு தலைப்புகளையும் சேர்த்தே பாருங்கள்.

பாக்கியை வங்கியிடம் தள்ளுபடியில் விற்றுப் பணமாக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால் பாக்கி மறைந்து ரொக்கம் வரும். வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நிறுவனமே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அது கடன்தான். பாக்கி திடீரென வற்றிய ஆண்டில் இந்தக் குறிப்பைக் கட்டாயம் தேடுங்கள்.

ஐந்தாம் படி: இருப்பு குறைந்தால் மகிழாதீர்கள், ஏறினால் அஞ்சாதீர்கள்

மற்றத் தொழில்களில் சரக்கிருப்பு குறைவது திறமையின் அடையாளம். அனல்மின் நிலையத்தில் அப்படி இல்லை. 2021 அக்டோபரில் நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் நான்கு நாளுக்கும் குறைவான நிலக்கரியே இருந்தது. அந்த நேரத்து இருப்புநிலைக் குறிப்பை மட்டும் பார்த்தால் மூலதனம் மிகச் சிக்கனமாகப் பயன்படுவதாகத் தோன்றும். உண்மையில் நிலையம் நின்றுவிடும் தறுவாயில் இருந்தது. நிலக்கரி இல்லாமல் நிலையம் தயார்நிலையை இழந்தால், தயாராக இருப்பதற்காகவே கிடைக்கும் நிலைக்கட்டணமும் குறையும்.

எண்ணெய் நிறுவனத்தில் சிக்கல் அளவில் இல்லை, விலையில் இருக்கிறது. அதே எண்ணிக்கைப் பீப்பாய்களைத்தான் வைத்திருப்பார்கள். கச்சா எண்ணெய் விலை 30% ஏறினால் இருப்பின் மதிப்பும் அதற்கேற்ப ஏறி, அதை நிரப்பக் கூடுதல் கடனும் தேவைப்படும். விலை ஏறும்போது பழைய இருப்பால் லாபம் மிகுந்து காட்டும், இறங்கும்போது நட்டம் காட்டும். இரண்டும் நிலையானவை அல்ல. சில்லறை விலையை ஏற்ற முடியாமல் போனால் நிலை இன்னும் கடினம். 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் கச்சா விலை உச்சத்தில் இருக்க, பெட்ரோல், டீசல் விலை உயராமல் நின்றதில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் கண்டது. சமையல் எரிவாயு இழப்புக்காக மத்திய அரசு அந்த அக்டோபரில் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 22,000 கோடி ரூபாயும், 2025 ஆகஸ்ட்டில் 30,000 கோடி ரூபாயும் அறிவித்தது. இரண்டாவது தொகை 12 தவணைகளில் வருவது. அறிவிப்பு வந்த நாளில் பங்கு விலை ஏறலாம். இழப்பு நேர்ந்த நாளிலிருந்து பணம் வரும் நாள்வரை அந்த இடைவெளியை நிரப்பியது குறுகிய காலக் கடன் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்

சப்ளையருக்குச் செலுத்தும் நாள்கள் 40-லிருந்து 80 ஆனால் பணம் முடங்கும் காலம் அழகாகச் சுருங்கும். அது பேரம் பேசும் வலிமையாலா, கட்ட முடியாத நெருக்கடியாலா என்பதை அறிய ஒரு நல்ல வழி, குறு, சிறு நிறுவனங்களுக்கான குறிப்பைப் படிப்பதுதான். அவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வட்டி நிலுவை ஆண்டறிக்கையில் வெளிப்பட வேண்டும். சின்னத் தொகையையே கட்ட முடியாத நிறுவனம் பெரிய தொகையை எப்படிக் கட்டும் என்று யோசியுங்கள்.

தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பையும் தவறாமல் படியுங்கள். குறுகிய காலத்துக்கு வாங்கிய பணம் நீண்ட காலச் செலவுக்குப் போனதா, 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நடைமுறை மூலதன வரம்புக்காக வங்கிக்கு அளித்த காலாண்டு விவரம் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று தணிக்கையாளர் அங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆறு மாதக் கடனை எடுத்து 25 ஆண்டு ஓடும் சூரிய மின் நிலையத்தில் போட்ட நிறுவனத்தை நான் அடுத்த பக்கம் புரட்டாமல் ஒதுக்கிவிடுவேன். தரமதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் பணப்புழக்கம் பற்றி ஒரு பகுதி இருக்கும். வங்கி வரம்பில் சராசரியாக எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பல அறிக்கைகளில் காணலாம். இவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 95% பயன்பாடு என்றால், இன்னும் ஒரு மாதம் வசூல் தள்ளிப்போனால் தாங்க இடமில்லை என்று பொருள்.

ஏழாம் படி: பங்கு விலையோடு இணையுங்கள்

மேலே கண்ட கற்பனை நிறுவனத்தின் நிகர லாபம் 300 கோடி, தேய்மானம் 250 கோடி என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் கையிலிருந்து பணம் போகாத கணக்குச் செலவு என்பதால் அதை லாபத்தோடு கூட்டினால், வணிகத்திலிருந்து 550 கோடி வந்திருக்க வேண்டும். பாக்கி 360 கோடியும் இருப்பு 15 கோடியும் ஏறின. கொடுக்க வேண்டியது 20 கோடி ஏறியது. எனவே 355 கோடி முடங்கி, கைக்கு வந்தது 195 கோடிதான். சந்தை மதிப்பு 3,000 கோடி என்றால், லாபத்தின் 10 மடங்கு என்று மலிவாகத் தெரியும் அதே பங்கு, கைக்கு வந்த பணத்தின் 15 மடங்குக்கு மேல் நிற்கிறது. அதோடு, நம் நாட்டுப் பணப்பாய்வு அறிக்கைகளில் செலுத்திய வட்டி நிதிச் செயல்பாட்டில் காட்டப்படுவதால், வணிகப் பணப்பாய்வு என்று அச்சான எண்ணிலிருந்து வட்டியை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.

ஓராண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். ஐந்து ஆண்டு நிகர லாபத்தையும், வட்டி கழித்த வணிகப் பணப்பாய்வையும் தனித்தனியே கூட்டி ஒப்பிடுங்கள். மின் உற்பத்தியில் தேய்மானம் பெரிது என்பதால் பணப்பாய்வு லாபத்தைவிடக் கணிசமாக அதிகமாகவே இருக்க வேண்டும். சமமாக இருந்தாலே எங்கோ பணம் நிற்கிறது என்று கொள்ளலாம். தாமதத்தால் முடங்கிய தொகைக்கான வட்டியையும், மூன்றாண்டைக் கடந்த சச்சரவுப் பாக்கியையும் உங்கள் மதிப்பீட்டிலிருந்து கழித்து, அதன் பிறகும் விலை மலிவாக இருந்தால் மட்டும் மேலே போகலாம். மாறாக, வயதுப் பட்டியலில் பழைய கட்டங்கள் இரண்டு ஆண்டாகக் கரைந்து வரும்போது லாபம் தேங்கிக் கிடப்பதால் சந்தை கவனிக்காமல் விட்ட பங்கும் இருக்கும். இந்தக் கணக்கைப் போடுபவருக்கு அதுதான் நல்ல வாய்ப்பு.

ஒப்பிடும்போது மார்ச் எண்ணை மார்ச்சோடும் செப்டம்பர் எண்ணைச் செப்டம்பரோடும் மட்டும் வையுங்கள். காற்றாலை நிறுவனத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் உற்பத்தி மிகுதி என்பதால் செப்டம்பர் பாக்கி இயல்பாகவே உயர்ந்திருக்கும். நிதியாண்டு முடிவிலோ எல்லா நிறுவனங்களும் வசூலை விரட்டுவதால் மார்ச் எண் சற்று அழகாகவே தெரியும். செப்டம்பர் இருப்புநிலைக் குறிப்பு நவம்பர் 14-க்குள்ளும், மார்ச் மாதத்துடையது மே 30-க்குள்ளும் வெளிவர வேண்டும். வயதுப் பட்டியலும் தணிக்கையாளர் இணைப்பும் உள்ள முழு ஆண்டறிக்கை, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக வரும்.